ஒரே வெயில், இரண்டு விதிகள்: ஒரு நாட்டின் சூரிய மின்சந்தையை வளர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பொதட்டூர்பேட்டையில் ஓடும் விசைத்தறியின் சத்தத்துக்கும் ஏகாம்பரகுப்பத்தில் ஓடும் விசைத்தறியின் சத்தத்துக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. முதல் ஊர் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டாவது, ஆந்திராவின் நகரியை ஒட்டிய ஊர். இரண்டிலும் தறிக்காரர் வீட்டுப் பேச்சு தமிழ்தான். கொண்டான் கொடுத்தான் உறவும் எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. திருத்தணிக்கும் புத்தூருக்கும் இடையே பல ஆண்டுகளாகக் கூரைகளில் பேனல் பொருத்தி வருகிற எனக்கு, இந்த இரண்டு ஊர்களும் ஒரே வெயிலில் நிற்கும் இரண்டு தனித்தனிச் சந்தைகள். ஒரே பேனல், ஒரே இன்வெர்ட்டர், ஒரே ஆட்கள். ஆனால் விண்ணப்பம் போகும் அலுவலகம் வேறு, மீட்டர் விதி வேறு, மிஞ்சிய யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை வேறு. ஒரு பக்கம் ஏழு ஆண்டில் போட்ட பணம் திரும்பும் அமைப்பு, மறுபக்கம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாத காலமும் இருந்தது.

ஏகாம்பரகுப்பத்தில் தறி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், நான் நீட்டிய மதிப்பீட்டுத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, “இருபத்தஞ்சு வருஷம் ஓடும்னு சொல்றீங்க தம்பி. இந்த ரேட்டும் இருபத்தஞ்சு வருஷம் இப்படியே இருக்குமா?” என்று கேட்டார். ஒரு நாட்டின் சூரிய மின்சந்தை வளர்வதும் தேய்வதும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது என்று நான் நம்புகிறேன். பேனலின் திறன் இரண்டு விழுக்காடு கூடுவதைவிட, எழுதிக் கொடுத்த விலை எழுதியபடி கிடைக்கும் என்ற உறுதி பெரிய ஆற்றல். பின்வரும் படிகளை அந்த உறுதியை மையமாக வைத்துத்தான் அடுக்கியிருக்கிறேன்.

முதல் படி: வாங்குபவரை உருவாக்குங்கள்

மின்சாரம் காய்கறியைப் போன்றதன்று. சந்தையில் கடை விரித்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. உற்பத்தியான நொடியிலேயே யாராவது வாங்கியாக வேண்டும். அந்த “யாராவது” பெரும்பாலும் மாநில மின்விநியோக நிறுவனமாகவே இருக்கும். எனவே சந்தையின் முதல் கல் சட்டத்தில் நடப்படுகிறது. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 86-ஆவது பிரிவின் வழியாக, ஒவ்வொரு விநியோக நிறுவனமும் தன் மொத்தக் கொள்முதலில் குறிப்பிட்ட பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வாங்க வேண்டும் என்று விதிக்கும் அதிகாரத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களுக்குக் கொடுத்தது. அதே சட்டத்தின் 63-ஆவது பிரிவு, குறைந்த விலை கேட்பவர் வெல்லும் ஏலத்தின் வழியே கிடைக்கும் விலையை ஆணையம் ஏற்றுக்கொள்ள வழி செய்தது. பின்னால் வந்த ஏலப் புரட்சி முழுவதும் இந்த ஒரு பிரிவின் மீதுதான் நிற்கிறது.

இலக்கு அறிவிப்பதும் இந்தப் படியைச் சேர்ந்ததே. 2010 ஜனவரியில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய இயக்கம், 2022-க்குள் 20 கிகாவாட் (ஒரு கிகாவாட் என்பது 1,000 மெகாவாட்) என்று குறி வைத்தது. 2015-இல் அதை ஒரேயடியாக 100 கிகாவாட்டாக உயர்த்தினார்கள். அதில் 40 கிகாவாட் கூரைமேல் அமைய வேண்டும் என்றும் பிரித்தார்கள். 2022 முடிந்தபோது நாடு 63 கிகாவாட்டை ஒட்டி நின்றது. 100 என்ற எண்ணைத் தொட்டது 2025 ஜனவரியில். இலக்கு தவறியதாக இதைப் பலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 20 என்று எழுதியிருந்தால், வங்கியும் ஆலையும் மின்கம்பித் திட்டமும் 20-க்குத்தான் தயாராகியிருக்கும். ஆனால் உள்ளே பிரித்த கணக்கை விட்டுவிடக் கூடாது: அந்த 40 கிகாவாட் கூரை இலக்கில் கால் பங்கைக்கூடக் குறித்த நாளில் எட்டவில்லை. பெரிய பண்ணைகள் ஓடின, கூரைகள் பின்தங்கின. காரணம் ஐந்தாம் படியில் வருகிறது.

இரண்டாம் படி: முதலில் தாராளமான விலை, பிறகு ஏலம்

குழந்தைச் சந்தையை ஏலத்தில் தள்ளினால் அது செத்துவிடும். வளர்ந்த சந்தைக்கு நிலையான உயர்ந்த விலை கொடுத்தால் கருவூலம் காலியாகும். எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது என்பதில்தான் கொள்கை வகுப்பவரின் கைத்திறன் இருக்கிறது. ஜெர்மனி 2000-இல் கொண்டுவந்த சட்டம் 20 ஆண்டுகளுக்கு நிலையான விலை தந்தது. உலகத்துக்கே பேனல் விலை குறைய அந்த நாட்டு மின்நுகர்வோர் முன்பணம் கட்டினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. இந்தியாவில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முதலில் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 17.91 ரூபாய். தேசிய இயக்கத்தின் முதல் ஏலத்திலேயே, 2010 இறுதியில், 10.95 ரூபாய்க்குக் கேட்டவர் இருந்தார். அடுத்த சுற்றில் 7.49. 2017 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் முதல் ஆண்டு விலை 2.97. அதே ஆண்டு மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99.

இந்தச் சரிவுக்குச் சீனப் பேனல்தான் முழுக் காரணம் என்று நினைப்பது பாதி உண்மை. ரேவாவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே நிலத்தை அரசு முன்கூட்டியே தயார் செய்து வைத்தது. மின்கடத்தல் இணைப்பு திட்டமிட்டு வந்தது. வாங்குபவர் பணம் கட்டத் தவறினால் யார் கட்டுவார்கள் என்பதற்கு அடுக்கடுக்கான பாதுகாப்பு எழுதப்பட்டது, அதன் கடைசி அடுக்காக மாநில அரசின் உறுதியே நின்றது. டெல்லி மெட்ரோ ஒரு வாங்குபவராக வந்தது. முதலீட்டாளரின் அச்சம் குறைந்த அளவுக்கு விலையும் குறைந்தது.

ஏலத்தில் ஒரு பொறியும் உண்டு. விலை தொடர்ந்து இறங்கும் சந்தையில், இன்று கையெழுத்திட்டால் நாளை ஏமாந்துவிடுவோமோ என்று விநியோக நிறுவனங்கள் தயங்கும். ஏலம் முடிந்து, வென்றவர் பெயர் அறிவிக்கப்பட்டு, வாங்குபவர் கையெழுத்துக்காகப் பெருமளவு திட்டங்கள் தேங்கி நின்றதை அண்மைய ஆண்டுகளில் நாடு கண்டது. வாங்குபவர் யார் என்று உறுதி செய்யாமல் ஏலம் விடக் கூடாது. முதல் படியை முதல் படி என்று சொன்னது அதனால்தான்.

மூன்றாம் படி: கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்

எல்லையோரத்தில் தொழில் செய்கிற எங்களுக்கு இந்தப் படியைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆந்திரா 2019-க்கு முந்தைய ஆண்டுகளில் மிக வேகமாக ஓடிய மாநிலம். கர்னூலில் 1,000 மெகாவாட் சூரியப் பூங்காவை 2017-இல் எழுப்பிக் காட்டியது. 2019-இல் புதிய அரசு வந்ததும், முந்தைய காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தங்களின் விலை அதிகம் என்று சொல்லி, அவற்றை மறுபேச்சுக்கு அழைத்தது. விநியோக நிறுவனங்கள் காற்றாலைக்கு 2.43 ரூபாயும் சூரிய மின்சாரத்துக்கு 2.44 ரூபாயும்தான் தருவோம் என்று கடிதம் அனுப்பின. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. இடைக்காலமாக அந்தக் குறைந்த விலையே கொடுக்கப்பட்டது. 2022 மார்ச்சில்தான் இரு நீதிபதிகள் அமர்வு, ஒப்பந்த விலையையே கொடுக்க வேண்டும், நிலுவையையும் தீர்க்க வேண்டும் என்று சொன்னது.

பழைய விலைகள் உண்மையிலேயே உயர்ந்தவையாக இருந்திருக்கலாம். மக்கள் வரிப்பணத்தைக் காக்க நினைப்பதில் தவறும் இல்லை. ஆனால் அந்த இரண்டரை ஆண்டுகளில் நடந்தது வேறு. வங்கிகள் ஆந்திரத் திட்டம் என்றாலே கூடுதல் வட்டி கேட்டன, அல்லது கதவைச் சாத்தின. 5 ரூபாய் ஒப்பந்தத்தில் மிச்சப்படுத்த முயன்ற தொகையைவிட, அடுத்து வரவேண்டிய 2.50 ரூபாய் ஒப்பந்தங்கள் தள்ளிப்போனதில் மாநிலம் இழந்தது அதிகம் என்பது என் கணிப்பு. கிராமத்தில் கூரை அமைப்புக்குக் கடன் கேட்டுப் போன சின்னத் தறிக்காரர் வரை அந்தத் தயக்கம் பரவியது. “அவங்களுக்கே பணம் வரல, உங்களுக்கு எப்படிப்பா வரும்?” என்று ஒரு வங்கி மேலாளர் என் வாடிக்கையாளரிடம் கேட்டபோது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் வாக்கு வேறு விதத்தில் சோதிக்கப்பட்டது. சூரிய நிலையங்களை உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்துகொண்டிருந்தது. மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் பிற காரணங்களுக்காக அப்படிக் குறைக்கச் சொன்னதற்கு இழப்பீடு தரவேண்டும் என்று மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் தீர்ப்பளித்தது. விலையைக் குறைப்பதும் வாங்காமல் விடுவதும் முதலீட்டாளரின் கணக்கில் ஒன்றுதான்.

ஆகவே இந்தப் படியில் செய்ய வேண்டியவை தெளிவானவை. விலை தவறு என்று பின்னால் தெரிந்தாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அரசு மதிக்க வேண்டும். புதிய விலை புதிய ஒப்பந்தத்துக்கே பொருந்த வேண்டும். நிலுவைக்குக் கடிவாளம் வேண்டும்: 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த தாமதக் கட்டண விதிகள், பழைய பாக்கியை மாதத் தவணைகளாக மாற்றி, அதையும் கட்டாத நிறுவனத்துக்கு வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்கும் வழியை அடைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தன. அதன்பின் உற்பத்தியாளர்களின் பழைய பாக்கிகள் பெருமளவு குறைந்தன. இடையில் நல்ல பெயருள்ள ஒரு வாங்குபவர் நிற்பதும் உதவும். 2011-இல் அமைந்த இந்திய சூரிய ஆற்றல் கழகம் செய்வது இதைத்தான்: உற்பத்தியாளரிடம் வாங்கி, மாநிலங்களுக்கு விற்று, நடுவில் பணத்துக்கான பொறுப்பைத் தான் சுமக்கிறது.

நான்காம் படி: வட்டியைக் குறையுங்கள்

நிலக்கரி நிலையத்தின் செலவு ஆண்டுதோறும் எரிபொருளாகப் பரவிக் கிடக்கும். சூரிய நிலையத்தின் செலவு முழுவதும் முதல் நாளிலேயே முடிந்துவிடும். அதன்பின் துடைப்பதும் காவலும்தான். எனவே இங்கே எரிபொருளின் இடத்தில் வட்டி உட்கார்ந்திருக்கிறது. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மெகாவாட் நிலையத்துக்கு 4 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பகுதி வெயிலில் அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு உற்பத்தியாகக் கிடைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 17.5 லட்சம் யூனிட். 4 கோடியை 20 ஆண்டுகளில் சம தவணையாகத் திரும்பப் பெற வேண்டும் என்றால், 8 விழுக்காடு வட்டியில் யூனிட்டுக்கு 2.33 ரூபாய் வேண்டும். 12 விழுக்காட்டில் 3.06 ரூபாய். பேனலில் ஒரு மாற்றமும் இல்லை, வெயிலில் ஒரு மாற்றமும் இல்லை, 73 காசு மட்டும் கூடிவிட்டது. எந்த ஆய்வுக்கூடமும் ஓராண்டில் 73 காசைக் குறைத்துத் தராது. ஒப்பந்தத்தை மதிக்கும் அரசு தரும்.

வட்டியைக் குறைக்கும் கருவிகள் பல: அரசின் மறுநிதி நிறுவனங்கள், பசுமைப் பத்திரங்கள், ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களை ஓய்வூதிய நிதிகளுக்கு விற்று அந்தப் பணத்தைப் புதிய நிலையத்தில் போடும் முறை. வெளிநாட்டுக் கடன் மலிவாகத் தோன்றும்; ஆனால் வருமானம் ரூபாயில், கடன் டாலரில் என்றால் இருபது ஆண்டு நாணயச் சரிவை யாரோ ஒருவர் சுமந்தாக வேண்டும். அந்தச் சரிவுக்கான காப்புச் செலவைச் சேர்த்த பிறகே மலிவா என்று தீர்மானிக்க வேண்டும்.

சிறு முதலீட்டாளருக்கு இவை எதுவும் எட்டாது. அவருக்கு வேண்டியது, வீட்டுப் பத்திரத்தை அடமானம் கேட்காத ஒரு கடன். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டம், முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 என்று, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஒரு கோடி வீடுகள் அதன் இலக்கு. மானியத்தைக் காட்டிலும், அதோடு இணைத்து வங்கிகள் தரத் தொடங்கிய அடமானமில்லாக் கடன்தான் எங்கள் பகுதியில் கதவைத் திறந்தது. மூன்று கிலோவாட் அமைப்பு நாளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் தரும். மாதம் 360 யூனிட் செலவழிக்கும் வீட்டில் அது தவணையைத் தானே கட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: கூரையும் வயலும்

மாதம் 360 யூனிட் செலவழிக்கும் வீடு எத்தனை? கூரைச் சந்தை ஏன் பின்தங்குகிறது என்பதற்கான விடை இந்தக் கேள்வியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். விசைத்தறிக்கு 2023 முதல் 1,000 யூனிட் இலவசம். உழவு பம்பு செட்டுக்கு முழுவதும் இலவசம். ஆந்திராவில் உழவுக்குப் பகலில் 9 மணி நேரம் இலவச மின்சாரம். இந்த உதவிகள் இல்லாவிட்டால் எங்கள் ஊர்த் தறிகளில் பாதி நின்றிருக்கும். அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேனல் சந்தையின் பார்வையில் விளைவு இதுதான்: குறைவாகச் செலவழிப்பவருக்குப் பேனல் போடக் காரணமே இல்லை, அதிகமாகச் செலவழிப்பவர் மட்டும் போடுகிறார். அவர்தான் உயர்ந்த கட்டணம் கட்டி மற்றவர்களின் சலுகையைத் தாங்கிக்கொண்டிருந்தவர். அவர் விலகும்போது விநியோக நிறுவனம் நடுங்குகிறது. பதற்றத்தில் நெட் மீட்டர் விதியை (எடுத்த மின்சாரத்தில் கூரை கொடுத்ததைக் கழித்துக் கணக்கிடும் விதியை) இறுக்குகிறது, கட்டமைப்புக் கட்டணம் போடுகிறது, விண்ணப்பத்தைத் தாமதிக்கிறது.

அந்தத் தாமதம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பேனல் ஏற்றி, இன்வெர்ட்டர் இணைத்து, எல்லாம் தயாராக இருந்த ஒரு மாவு மில் கூரையில், இரு திசை மீட்டர் வராமல் நான்கு மாதம் அமைப்பு சும்மா கிடந்தது. எந்த மாநிலம், எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. மில்காரர் கடன் தவணையையும் கட்டினார், பழைய மின்கட்டணத்தையும் கட்டினார். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. வெயில் முழுவதும் அந்தக் கூரையில் வீணாயிற்று. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த தெருவே அந்த ஆண்டு பேனல் பேச்சை எடுக்கவில்லை.

இதற்குத் தீர்வு விநியோக நிறுவனத்தைத் திட்டுவதில் இல்லை. அதன் இழப்பை ஒப்புக்கொள்வதில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான கூரை அமைப்புகளுக்குத் தனி ஆய்வின்றித் தானாக ஒப்புதல், மீட்டர் வைக்கக் கெடு, கெடு தவறினால் நுகர்வோருக்கு ஈடு என்று விதி எழுத வேண்டும். கூடவே, புதிய கூரை அமைப்புகளைச் சேர்க்கும் விநியோக நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை தர வேண்டும். மேலே சொன்ன வீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. விதியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே போட்டவர்களுக்குப் பழைய விதி தொடரும் என்று எழுத வேண்டும்.

வயலுக்கு வருவோம். இலவச மின்சாரத்துக்கு அரசு ஒவ்வோர் ஆண்டும் கொட்டும் பணத்தை, உழவுக்கென்று தனியாகப் பிரித்த மின்தடத்தின் துணைமின் நிலையத்தருகே சூரிய நிலையம் வைக்கும் முதலீடாக மாற்றலாம் என்பது 2019-இல் மத்திய அரசு உழவர்களுக்காகத் தொடங்கிய குசும் என்ற சூரியத் திட்டத்தின் நல்ல பகுதி. பகல் வெயிலில் உற்பத்தி, பகலில் பாசனம், நடுவில் நீண்ட கம்பி இழப்பு இல்லை. உழவர் இரவு இரண்டு மணிக்கு மோட்டார் போடப் பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டியதுமில்லை.

ஆனால் தனித்து இயங்கும் சூரிய பம்புகளைப் பற்றி எனக்கு ஓர் அச்சம் உண்டு. சித்தூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போகின்றன. காசில்லாமல் ஓடும் பம்பு, வெயில் இருக்கும்வரை இறைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீருக்கு மாற்றாக மின்சாரத்தை விற்க வழியிருந்தால் உழவர் கணக்குப் போடுவார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊரில் 2016-இல் உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை விநியோக நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கினார்கள். மாந்தோப்பு நிறைந்த எங்கள் பக்கத்துக்கு அந்த வழி மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். மாமரத்துக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் தேவையில்லை; பேனலுக்கோ ஆண்டு முழுவதும் வெயில் இருக்கிறது.

ஆறாம் படி: கம்பியும் நிலமும்

ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் வேண்டும். சூரிய நிலையத்தை ஒன்று, ஒன்றரை ஆண்டில் கட்டிவிடலாம். அதன் மின்சாரத்தைச் சுமக்கும் உயரழுத்தக் கம்பித் தடத்துக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு காலம் ஆகும். எனவே கம்பியை முதலில் திட்டமிட வேண்டும். 2014-இல் தொடங்கிய சூரியப் பூங்காத் திட்டமும், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைச் சுமக்கவென்றே அமைத்த பசுமை மின்வழித்தடங்களும் இதைச் செய்ய முயன்றன. மாநிலங்களுக்கு இடையிலான கடத்தல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததால் ராஜஸ்தான் வெயில் நாடெங்கும் மலிவாகப் போனது. ஆனால் எல்லாரும் ஒரே பாலைவனத்தில் போய்க் குவிந்து, கம்பி போதாமல் உற்பத்தியை நிறுத்தி வைக்கும் நிலையும் வந்தது. 2025 ஜூன் வரை இயங்கத் தொடங்கிய திட்டங்களோடு முழுத் தள்ளுபடி முடிந்து, படிப்படியாகக் குறையத் தொடங்கியிருப்பது நல்லது. ராமநாதபுரம் கமுதியில் 2016-இல் எழுந்த 648 மெகாவாட் நிலையம் போன்ற பேருருவங்கள் கண்ணைப் பறிக்கும்; தேவைக்குப் பக்கத்திலேயே பரவி நிற்கும் ஐந்து, பத்து மெகாவாட் நிலையங்கள் கம்பிச் செலவை மிச்சப்படுத்தும். நிலம் கொடுத்தவருக்கு ஒரே தடவை விலை தருவதைவிட ஆண்டுக் குத்தகை தருவது நெடுநாள் பகையைத் தவிர்க்கும்.

ஏழாம் படி: மாலை ஏழு மணி

பகல் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் மிஞ்சுகிறது, மாலை ஏழு மணிக்குப் போதவில்லை. சூரிய மின்சந்தை வளர்ந்த ஒவ்வொரு நாடும் வந்து முட்டும் சுவர் இது. மூன்று வழிகள் உள்ளன. மூன்றையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலாவது, தேவையை வெயில் நேரத்துக்கு நகர்த்துவது. இதற்குச் செலவு மிகக் குறைவு. 2023-இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து, உச்ச நேரத்தில் கூட்டச் சொல்கின்றன. சித்தூரின் மாங்கூழ் ஆலைகளைப் பாருங்கள். கோடையில் வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் பெங்களூரா மாங்காய் லாரிகளில் வந்து குவிகிறது. ஆவிக்கலனும் குளிரறையும் அப்போதுதான் முழு வேகத்தில் ஓடுகின்றன. குளிரறையைப் பகலில் கூடுதலாகக் குளிர்வித்து மாலையில் இயந்திரத்தை ஓய்வெடுக்கவிட்டால், அதுவே ஒரு மின்கலம். விலையில் வேறுபாடு இருந்தால் ஆலைக்காரர் யாரும் சொல்லாமலே இதைச் செய்வார்.

இரண்டாவது, மேலே ஏற்றிய நீர்: பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுப்பது. கோவை மாவட்டத்தின் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கர்னூல் பக்கம் பின்னாபுரத்தில் 1,680 மெகாவாட் அளவில் அதே முறை பெரிதாக வந்திருக்கிறது. மூன்றாவது மின்கலம். 2022-இல் நடந்த முதல் பெரிய ஏலத்தில் மெகாவாட்டுக்கு மாதம் 10.83 லட்சம் ரூபாய் என்றிருந்த வாடகை, அடுத்த சில ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 2010-இல் பேனலுக்கு நடந்தது இப்போது மின்கலத்துக்கு நடக்கிறது. எனவே இனி வெறும் சூரிய மின்சாரத்துக்கு ஏலம் விடுவதைக் குறைத்து, மாலையில் நான்கு மணி நேரத்துக்குத் தரும் சூரிய மின்சாரத்துக்கு ஏலம் விடுவதே நல்ல கொள்கை.

எட்டாம் படி: ஆலையும் ஆட்களும்

உள்நாட்டில் பேனல் செய்ய வேண்டுமா, மலிவாக வாங்க வேண்டுமா? இரண்டையும் ஒரே ஆண்டில் விரும்பினால் இரண்டும் கிடைக்காது. 2022 ஏப்ரலில் இறக்குமதியாகும் பேனலுக்கு 40 விழுக்காடும், பேனலுக்குள் இருக்கும் சூரிய செல்லுக்கு 25 விழுக்காடும் சுங்கவரி வந்தது. அரசு அங்கீகரித்த பட்டியலில் உள்ள பேனலையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டு 2024 ஏப்ரலில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. உற்பத்தி ஊக்கத் திட்டத்தில் முதலில் 4,500 கோடி, பிறகு 19,500 கோடி ஒதுக்கப்பட்டது. இடைக்காலத்தில் கூரை அமைப்பின் விலை ஏறியதை நாங்கள் ஒவ்வொரு மதிப்பீட்டுத் தாளிலும் பார்த்தோம். இப்போது எங்களுக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலாரின் ஆலையும், தெற்கே கங்கைகொண்டானில் டாடா பவரின் ஆலையும் ஓடுகின்றன. பாதுகாப்பு வேலி வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வேலியை எப்போது எடுப்போம் என்ற தேதியையும் முதல் நாளிலேயே அறிவிக்க வேண்டும். நிறுத்துவதும் மீண்டும் போடுவதுமாக ஆடினால் ஆலை கட்டுபவரும் நம்ப மாட்டார், பேனல் வாங்குபவரும் நம்ப மாட்டார்.

ஆட்களைப் பற்றிக் கொள்கை ஆவணங்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. 2015 முதல் சூரியமித்ரா என்ற பெயரில் இளைஞர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது, நல்ல தொடக்கம். ஆனால் சந்தையின் பெயர் கெடுவது கூரையின் மேல்தான். போன பங்குனியில் ஏகாம்பரகுப்பத்தில், வேறு யாரோ பொருத்திய ஐந்து கிலோவாட் அமைப்பு பாதிதான் தருகிறது என்று கூப்பிட்டார்கள். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தறிக்கூடத்தின் காற்றுப்போக்கி வழியாக வந்த பஞ்சுத்தூள் பேனலில் மெல்லிய கம்பளிபோலப் படிந்திருந்தது. அதைக் கழுவ உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீரை வெயிலில் ஊற்றியிருந்தார்கள். காய்ந்ததும் கண்ணாடி முழுவதும் வெள்ளைப் படலம், நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. தென்னை மட்டை ஒன்றின் நிழல் கடைசிப் பேனலில் மட்டும் விழுந்து, தொடராக இணைத்த வரிசை முழுவதையும் இழுத்துக்கொண்டிருந்தது. எர்த்திங் கம்பி மண்ணுக்குள் அரை அடிகூட இறங்கவில்லை. பேனலில் ஒரு குறையும் இல்லை. மழைநீரைச் சேர்த்து, அதிகாலையில், மென்துணியால் துடைக்கச் சொல்லி, மட்டையை வெட்டி, எர்த்திங் குழியைக் கரியும் உப்பும் போட்டுப் புதிதாகத் தோண்டிக் கொடுத்தோம். அடுத்த வாரம் உற்பத்தி இருபது யூனிட்டுக்கு வந்தது.

மானியத்தின் ஒரு பகுதியைப் பொருத்திய நாளில் கொடுக்காமல், ஓராண்டு உற்பத்தியை மீட்டரில் பார்த்த பிறகு கொடுத்தால், இப்படிப்பட்ட வேலை பாதியாகக் குறையும். ஐந்தாண்டுப் பராமரிப்பு உறுதியைத் தாளில் எழுதி வாங்குவதோடு நிற்காமல், தவறிய ஒப்பந்தக்காரரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். பழைய பேனல்கள் எங்கே போகும் என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும்: 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் சூரியப் பேனலையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டன, ஆனால் திருத்தணியில் உடைந்த பேனலைக் கொண்டுபோய்க் கொடுக்க இன்றுவரை எனக்கு ஓர் இடம் தெரியாது; எங்கள் கிடங்கின் பின்சுவரில் பதினொரு பேனல்கள் சாய்ந்து நிற்கின்றன.

பெரியவரின் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் இது: “ரேட்டுக்கு என்னால உத்தரவாதம் தர முடியாதுங்க ஐயா. அதனால நீங்க பகல்ல தறிக்குச் செலவழிக்கிற அளவுக்கு மட்டும் போடுவோம். விக்கிற கணக்கே வேண்டாம்.” எட்டு கிலோவாட் போட நினைத்தவர் நான்கோடு நிறுத்திக்கொண்டார். கூரையின் தெற்குப் பாதி இன்னும் காலியாக இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முழுவதும் மாறாத ஒரு விலை வந்தால் அந்த நான்கையும் ஏற்றிவிடலாம் என்று, கட்டுமானச் சட்டத்தை மட்டும் அந்தப் பக்கமும் நீட்டி வைத்திருக்கிறோம்.